ஓடாத வண்டிக்கும் காற்று

டயர் கடைக்கு முகம் மலர்ந்து வருகிற ஆள் ஒருத்தர் உண்டென்றால், அவர் பழைய காரை வாங்கிப் புதுப்பித்துக்கொண்டிருப்பவராகத்தான் இருப்பார். மற்றவர்கள் எல்லாம் பஞ்சராகியோ வெடித்தோ வருவார்கள், வந்ததிலிருந்து "எப்போ முடியும்?" என்று கேட்டுக்கொண்டே நிற்பார்கள். புதுப்பிக்கிறவருக்கு எந்த அவசரமும் கிடையாது. ஒரு ரிம்மை மடியில் வைத்துக்கொண்டு அரை நாள் பேசுவார். டீயும் வாங்கித் தருவார். அவர் போன பிறகு எனக்குத்தான் மனசு கொஞ்சம் கனமாக இருக்கும்.

பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் போகிற சாலையில் என் கடை. நானும், ஆரம்பத்திலிருந்து என்னோடு இருக்கிற மீரானும்தான் வேலைக்கு. முற்றத்தில் ஓர் அம்பாசடரையோ பத்மினிக் காரையோ செங்கல் மேல் ஏற்றி வைத்துவிட்டு வீட்டில் தினமும் பேச்சு வாங்குகிற நண்பர்களே, உங்களில் பாதிப் பேரை எனக்குத் தெரியும். மீதிப் பேர் இதில் எங்கேயாவது இருக்கிறீர்களா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சாக்கில் சுற்றிய டயர்

மேலப்பாளையத்து சாகுல் பாய் சவுதியில் வேலை பார்த்தவர். ஊரில் ஓர் அம்பாசடரை வாங்கிப் போட்டிருந்தார். லீவுக்கு வரும்போதெல்லாம் அதில் ஒரு வேலை நடக்கும். ஒரு லீவில் இன்ஜின், ஒரு லீவில் பெயின்ட், ஒரு லீவில் சீட்டு. மகளை அந்தக் காரில் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. அவள் பள்ளியில் சேர்ந்த வருஷமே நல்ல டயராகப் பார்த்து நாலு வாங்கி, சாக்கில் சுற்றி, மச்சில் ஏற்றிவிட்டுப் போய்விட்டார்.

இந்த வருஷம்தான் ஒரேயடியாகத் திரும்பி வந்தார். மகள் படித்து முடித்து, கல்யாணமாகி, காயல்பட்டினத்தில் இருக்கிறாள். அவளைப் போய்க் கூட்டிவரலாம் என்று டயர்களை லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கடைக்கு வந்தார். "புத்தம் புதுசு அண்ணாச்சி, தரையையே தொடல" என்று சாக்கைப் பிரித்தார். பார்த்தால் புதுசுதான், புது டயரில் நீட்டிக்கொண்டிருக்கிற ரப்பர் மயிர்கூட உதிரவில்லை. ஆனால் பக்கவாட்டில் நகத்தால் கீறினதுபோல் சுற்றிலும் வெடிப்பு. செய்த வாரத்தையும் வருஷத்தையும் காட்டுகிற நாலு எண் எல்லா டயரிலும் உண்டு. அதைக் காட்டி, இதை மாட்டி காயல்பட்டினம் வரை போனால் வழியில் வெடித்துவிடும் என்று சொன்னேன். அவர் வெடிப்பு மேலேயே விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். மீரான் சாக்கை எடுத்து மடித்துக் கொடுத்தான். வாங்கிக்கொண்டு பாய் கேட்டார்:

"ஓடாமலே வயசாயிருமா அண்ணாச்சி? எனக்கு யாரும் சொல்லலியே."

வேகத்தடை

ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்து முருகேசன் என்று ஓர் இளைஞர். கிடைத்த சம்பளத்தையெல்லாம் ஒரு பழைய சின்ன காரில் போட்டவர். வெளியூரிலிருந்து பெரிய அலாய் வீலும், பட்டை போல ஒல்லியான டயரும் வரவழைத்து மாட்டிக்கொண்டு வந்தார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பினால் மட்கார்டில் உரசும். பின்சீட்டில் ஆள் உட்கார்ந்தாலும் உரசும். "வீல ஒரு சைஸ் குறைச்சிருங்க தம்பி. ரோட்டுக் குழியத் தாங்குறதுக்கு டயர்ல சதை வேணும்" என்றேன். "கெத்தே போயிரும் அண்ணாச்சி" என்று கிளம்பிவிட்டார்.

பிறகு ஒருநாள் காலையில் குழியில் இறங்கி ரிம் வளைந்து, நொண்டிக்கொண்டு வந்து நின்றது வண்டி. பின்சீட்டிலிருந்து அவருடைய அம்மா இறங்கினார். முட்டி வலிக்காரி, கதவைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. மகன் புதுசாக்கின காரில் திருச்செந்தூருக்குக் கூட்டிப் போகிறான் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அந்தச் சாலையில் எத்தனை வேகத்தடை என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொன்றிலும் அம்மா இறங்கி, நடந்து தாண்டி, மறுபடி ஏறியிருக்கிறார். "அவங்கள எதுக்குத் தம்பி இறக்கி ஏத்துனீங்க?" என்று நான் முருகேசனிடம் கேட்டேன். பதில் அம்மாவிடமிருந்து வந்தது:

"நாந்தான் இறங்குனேன் அண்ணாச்சி. நா இருந்தா அவன் வண்டிக்கு வலிக்குதுல்லா."

உள்பக்கம் தேய்கிற டயர்

களக்காட்டில் வாழை போட்டிருக்கிற கணபதி, மூன்றாவது கை மாறிய ஒரு பத்மினியை வாங்கி அருமையாகப் புதுப்பித்திருந்தார். ஒரு குறைதான். முன்னால் இடதுபக்க டயர் மட்டும் உள்ஓரத்தில் சீக்கிரமே தேய்ந்து கம்பி தெரிந்துவிடும். டயரை மாற்றிப் பார்த்தோம். அலைன்மென்ட் பார்த்தோம். மறுபடியும் அதே கதை. கடைசியில் மீரான் ஒரு நூலைப் பிடித்து, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தூரத்தை இரண்டு பக்கமும் அளந்தான். இடதுபக்கம் இரண்டு விரற்கடை குறைவு. எப்போதோ பலமாக அடிபட்டு, அடிச்சட்டமே உள்வாங்கியிருக்கிறது. "விக்கும்போது அடிபட்ட வண்டின்னு ஒரு வார்த்தை சொல்லலியே" என்று கணபதி கொதித்தார்.

முதலில் அந்தக் கார் யாரிடம் இருந்தது என்று விசாரித்துக்கொண்டு அம்பாசமுத்திரம் வரை போயிருக்கிறார். சண்டை போடப் போகவில்லை. அடி எப்படிப் பட்டது என்று தெரிந்தால் சரிசெய்ய முடியுமா என்று பார்க்கத்தான். காரைத் துடைத்து, மினுக்கி, அதிலேயே போனார். தங்கள் பழைய வண்டி இவ்வளவு அழகாக வந்து நிற்பதைப் பார்த்தால் சந்தோஷப்படுவார்கள் என்றும் மனசில் ஒரு எண்ணம். கதவைத் திறந்து வந்தது ஓர் அக்கா. வண்டியைப் பார்த்ததும் தூணைப் பிடித்துக்கொண்டாராம். அவர் வீட்டுக்காரர் அந்தக் காரில்தான், இடதுபக்கம் உட்கார்ந்து போகும்போது விபத்தில் இறந்திருக்கிறார். வண்டி இப்போது கணபதியுடைய வாழைத்தார் கொட்டகையில் தார்ப்பாய்க்குள் நிற்கிறது. அந்த அக்கா சொன்னதைக் கணபதி அப்படியே என்னிடம் சொன்னார்:

"நொறுங்கிக் கெடந்தத எதுக்குத் தம்பி மறுபடி முழுசாக்கி, என் வாசலுக்குக் கொண்டாந்த?"

ரிம்முக்குள் ஆறு

தாமிரபரணி கரை தாண்டி வந்த வருஷம் உங்களுக்கு மறந்திருக்காது. கல்லிடைக்குறிச்சியில் அப்பள வியாபாரம் செய்கிற சங்கரன் அண்ணாச்சி, ஒரு பழைய ஜீப்பை ஆசை ஆசையாகத் தேற்றிக்கொண்டிருந்தார். டயர் என் கடையில்தான் மாட்டினார். மாட்டின சூடு ஆறுவதற்குள் தண்ணீர் வந்துவிட்டது. ஜீப் மிதந்து, சந்துமுனையில் போய்ச் சாய்ந்து நின்றிருக்கிறது. வெள்ளம் வடிந்ததும் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். ஒரு டயர் காற்று இறங்கி, ரிம்மை விட்டு விலகியிருந்தது. அதை மீரான் பிரித்தால் உள்ளேயிருந்து கறுப்புச் சேறு கொழகொழவென்று கொட்டியது. கூடவே ஒரு செத்த கெண்டைக்குஞ்சு. வீல் பேரிங்கெல்லாம் மணல்.

"சரக்கு எப்படி அண்ணாச்சி?" என்று கேட்டேன். உளுந்துமாவு, காயப்போட்டிருந்த அப்பளம், அடுக்கி வைத்திருந்த அரிசி எல்லாம் போய்விட்டதாம். யாரோ ஊர்க்காரருடைய நஷ்டத்தைச் சொல்வதுபோல் சொன்னார். சொல்லிவிட்டுக் குழாயடியில் உட்கார்ந்து, நாங்கள் எவ்வளவு தடுத்தும் கேட்காமல், ஒவ்வொரு ரிம்மையும் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி கையாலேயே கழுவினார். மூன்றாவது ரிம் கழுவும்போது தோள் குலுங்கியது. நான் பக்கத்தில் போனதும் முகத்தையும் சேர்த்துக் கழுவிக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"வீட்டுல அரிசி நனைஞ்சதுக்கு நா அழல. இதுக்கு அழுதேன்னு மட்டும் எம் பொண்டாட்டிகிட்ட சொல்லிராதீரும் வே."

அட்டையில் வெட்டிய வட்டம்

பாளையங்கோட்டையில் ஞானமுத்து சார் என்று ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவர் மனைவியும் டீச்சராக இருந்தவர். ஒரே மகன் ஜெபக்குமார். அவன்தான் ஒரு பத்மினியை வாங்கி வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் செங்கல் மேல் ஏற்றி, இன்ஜினைக் கழற்றித் தனியாக வைத்துக்கொண்டு, வேலை முடிந்து வந்ததும் அதோடு மல்லுக்கட்டுவான். வீல் விஷயத்தில் அவனைப் போல் நிதானமான ஆளை நான் பார்த்ததில்லை. டயர் அளவுக்கு அட்டையை வட்டமாக வெட்டி, மட்கார்டுக்குள் வைத்து, இப்படித் திருப்பி அப்படித் திருப்பிப் பார்த்து, கடைக்கு வந்து என்னோடு வாதாடி, மறுபடி போய் ஒரு விரற்கடை குறைத்து வெட்டுவான். கடைசியில் ஒரு வீலைச் சொல்லி, வரவழைக்கச் சொன்னான். வீல் வந்து இறங்குவதற்குள், பைக்கில் வேலைக்குப் போன பிள்ளை திரும்பி வரவில்லை. லாரி மோதிவிட்டது. அட்டைப்பெட்டிகளைப் பிரிக்காமல் கடைக்குப் பின்னால் வைத்துவிட்டேன். அந்த வீட்டில் போய் என்னவென்று சொல்வேன்?

கொஞ்ச காலம் கழித்து சாரே வந்தார். காரை விற்கப் போகிறாராம். ஆள் பார்த்தாயிற்று, வண்டியை லாரியில் ஏற்ற வேண்டும், உருட்டுவதற்கு மட்டும் ஏதாவது பழைய டயர் போட்டுத் தா என்றார். "அத தினமும் பாத்துக்கிட்டு இருக்க அவளால முடியல தம்பி" என்றார். அதற்கு மேலும் என்னால் மறைக்க முடியவில்லை. "சார், ஜெபா சொல்லிவச்ச வீல் வந்து கெடக்கு" என்றேன். பெட்டியைப் பிரித்துக் காட்டினேன். "இதையே போட்டு அனுப்பிருவோம். ஆசப்பட்டத போட்டுக்கிட்டே போகட்டும்" என்றார். காரைச் சொன்னாரா யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

நானும் மீரானும் போய் ஜாக்கி போட்டு மாட்டினோம். செங்கல்லை உருவி, பைய இறக்கினோம். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் சுற்றிலும் ஒரே அளவு இடைவெளி. எங்கேயும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பிள்ளை அவ்வளவு சரியாக அளந்திருக்கிறான். மீரான் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கொட்டகையை விட்டு வெயிலுக்குத் தள்ளிக்கொண்டு வந்ததும், அதுவரை வீட்டுக்குள்ளேயே இருந்த டீச்சர் வெளியே வந்தார். காரைச் சுற்றி வந்து, ஒவ்வொரு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தார். கதவைத் திறந்து, ஓட்டுகிற இடத்தில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். சார் கூப்பிட்டுப் பார்த்தார், இறங்கவில்லை. லாரி வந்து ஹாரன் அடித்தது. டீச்சர் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே, "இது போகண்டாம். லாரிய அனுப்பிருங்க" என்றார். சார்தான் லாரிக்காரரிடம் கெஞ்சிப் பேசித் திருப்பி அனுப்பினார்.

நாங்கள் கிளம்பும்போது டீச்சர் கேட்டார், "ஓடாத வண்டிக்கும் காத்து கொறையுமா தம்பி?" குறையும் என்றேன். மாசத்துக்கு ஒருமுறை காற்று பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் டயர் கீழ்ப்பக்கம் தட்டையாகிவிடும். வாரம் ஒருமுறையாவது முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டி வைக்க வேண்டும் என்று சொன்னேன். ஏதோ கேட்டதற்குச் சொன்னதுதான். பிறகு காற்றுப் பார்க்கப் போனபோது டயரைத் தடவினேன். தட்டை ஆகவே இல்லை. "டீச்சர், யாரு இத உருட்டுதாக?" என்று கேட்டேன். சார் காபி கொண்டுவர உள்ளே போயிருந்தார். அவர் காதில் விழாதபடி டீச்சர் சொன்னார்:

"அவுக பின்னால நின்னு தள்ளுதாக, நா ஸ்டியரிங்கப் பிடிச்சிக்கிடுதேன். அவன் போனதுக்கப்புறம் வீட்டுக்குள்ள நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிடுததே இல்ல தம்பி. இதுல மட்டுந்தான், 'இன்னுங் கொஞ்சம்', 'போதும்'னு பேசிக்கிடுதோம்."

ஓடுகிற வண்டிகளால்தான் எனக்குச் சோறு என்றாலும், அதைத் தொண்டைக்குள் இறங்கவிடாமல் செய்வதெல்லாம் இந்த ஓடாத வண்டிகள்தான்.