அப்பாவின் கழுத்தில் தொங்கிய மட்டை

முப்பத்திரண்டு வருடங்கள் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் படிப்பித்தேன். சொல்லின் கடைசியில் நிற்கும் ‘ஈ’ என்ற எழுத்து தான் வாய் திறக்காது, ஆனால் உள்ளே இருக்கும் உயிரெழுத்தை நீட்டிவிடும் என்ற ஒரே பாடத்தை எத்தனை நூறு தடவை சொன்னேனோ தெரியாது. தொண்டை வறண்டதுதான் மிச்சம். ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் மாலை போட்டு, முதல் மாணவரை நினைவிருக்கிறதா என்று மேடையில் கேட்டார்கள். மறந்துவிட்டது என்றேன். மறக்கவில்லை. அவர் என் அப்பா.

வெள்ளைக்காரர் போய் இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். அப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் பாரம் தூக்கும் பன்னிரண்டு பேருக்குத் தலைவராக இருந்தார். தலைவர் என்று பேர்தானே ஒழிய, அவரும் சேர்ந்துதான் தூக்க வேண்டும். தூக்கித் தூக்கி இடுப்பு விட்டுப்போயிற்று. இனியும் தூக்கினால் ஒருநாள் எழும்பவே மாட்டீர் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து, துறைமுக ஸ்டோரில் கதிரையில் உட்கார்ந்து சாமான்களுக்குப் பெயர்ச்சீட்டு எழுதும் வேலை ஒன்று வந்தது. அதற்கு ஆங்கிலத்தில் ஒரு சோதனை எழுத வேண்டும். கப்பல்காரரோடு பழகியதில் அப்பாவுக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு, எழுதத்தான் வராது.

எனக்குப் பத்து வயது. கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஆங்கிலத்தில் நான்தான் முதலாம் பிள்ளை, தலைக்கனத்திலும் நானேதான். வெளியில் ஒருவரிடம் போய்ப் படிக்க வெட்கப்பட்ட அப்பா என்னைக் கேட்டார். சோதனைக்கு ஆறு கிழமை, ஒன்றரை மாதம் இருந்தது. அவர் வேலையால் வந்து முகம் கழுவியதும் வகுப்பு தொடங்கும்.

‘நொட்’ என்று எழுதி, பின்னால் ஓர் ‘ஈ’ போட்டால் ‘நோட்’ என்று காட்டினேன். தலையாட்டினார். கயிற்று முடிச்சுக்கான சொல்லின் முன்னால் ஒரு ‘கே’ சும்மா நிற்கும் என்றதும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். கண்ணை மூடிக்கொண்டே இருபது வகை முடிச்சுப் போடுகிற மனிதர் அவர்.

“எங்கட கூட்டத்தில இப்பிடி ஒருத்தன் சும்மா நிண்டால் அண்டைக்கே பேரை வெட்டிப் போடுவன், மகள்.”

நான் சிரிக்கவில்லை. ஆசிரியை சிரிக்கக் கூடாது.

பள்ளிக்கூடத்தில் எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. பிழை விட்ட பிள்ளையின் கழுத்தில் ஒரு மட்டையை நூலில் கட்டித் தொங்கவிடுவார்கள். அடுத்தவள் பிழை விட்டால் மட்டை அவள் கழுத்துக்குப் போகும். அதில் ஆங்கிலத்தில் ‘கவனமில்லை’ என்று எழுதியிருக்கும். நானும் சப்பாத்துப் பெட்டியை வெட்டி ஒன்று செய்தேன். ஆனால் என் வகுப்பில் இருந்தது ஒரே ஒரு மாணவர். மாற்றிப் போட வேறு கழுத்து இல்லை. அதனால் அப்பா மட்டையோடே தேத்தண்ணீர் குடித்தார், மட்டையோடே சாப்பிட்டார்.

“மனிசன் களைச்சுப் போய் இருக்கிறார். அதைக் கழட்டடி” என்று அம்மா குசினி அடுப்படியில் இருந்து சத்தம் போட்டா.

“ஏலாது அம்மா. இன்னொரு ஆள் பிழை விட்டால்தான் கழட்டலாம்.”

“சட்டமெண்டால் சட்டம்தானே” என்று அப்பா சோற்றைப் பிசைந்தார். பல நாட்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே தூங்கி விழுவார். அதற்கும் மட்டைதான்.

சோதனைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து படித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய ஆட்களில் ஒருவர் வாசல் படலையில் நின்று கூப்பிட்டார். அப்பா பெனியனோடு எழும்பிப் போனார்.

“அண்ணை, நாளைக்கு வாற கப்பல் இப்பவே வந்திட்டுது.”

“எல்லாரையும் வரச்சொல்லு. நான் பின்னால வாறன்.”

வந்தவரின் மகளும் எங்கள் பள்ளிக்கூடந்தான். மட்டை என்னவென்று அவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அப்பாவின் நெஞ்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “ஓம் அண்ணை” என்று விறுவிறென்று போய்விட்டார். என் படிப்பித்தலுக்கு ஒரு சாட்சி கிடைத்ததென்று எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பா குனிந்து பார்த்து, மட்டையைத் தானே கழற்றி மேசையில் வைத்தார். சட்டத்தை மீறிவிட்டார் என்று நான் முறைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை சோதனை. வெள்ளை நீளக் காற்சட்டை போட்டு, என் பேனையை வாங்கிக் கொண்டு போனவர் ஒரு மணித்தியாலத்தில் திரும்பி வந்தார்.

“எழுதேல்லை, மகள். எனக்கு ஏலாது போல கிடந்தது.”

நடந்ததை அம்மா எனக்குச் சொன்னது அப்பா செத்த பிறகு. சோதனை நடந்த அலுவலக வாசலில், மட்டைக் கதை தெரிந்த அந்தப் பன்னிரண்டு பேரும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரிக் கைகட்டி வரிசையாக நின்று, “குட் மோர்னிங், டீச்சர்” என்று ஒரே ராகத்தில் பாடினார்களாம். கெட்டவர்கள் அல்ல, பகிடிதான் விட்டார்கள். “சோதனையிலயும் பெயிலாகி வந்தால் பிறகு அவங்களிட்டை எப்பிடி வேலை வாங்கிறது?” என்று அப்பா அம்மாவிடம் கேட்டிருக்கிறார். அதற்குப் பிறகும் ஒன்பது வருடம் பாரம் தூக்கினார். கடைசி இரண்டு வருடம் படுக்கையில்தான்.

அன்றைக்கு எனக்கு இது ஒன்றும் தெரியாது. ஆறு கிழமை மினக்கெட்டுப் படிப்பித்தும், சோதனை எழுதாமல் ஓடி வந்த சோம்பேறி மாணவர் என்றுதான் நினைத்தேன். மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை. நாலாம் நாள் வேலையால் வந்தவர், முகம் கூடக் கழுவாமல், இடுப்பைப் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார்.

“அப்பாவில பிழைதான். மன்னிச்சுக் கொள்ளுங்கோ, டீச்சர்.”

நான் கொஞ்சம் யோசித்துவிட்டு, மன்னித்தேன்.