நட்சத்திரம் தவறிய மூன்று நிமிடங்கள்

சத்தியபாமா டீச்சருக்கு வாய் கொஞ்சம் நீளம். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி மலையகத்து லுணுகலைக்குக் கணக்குப் பாடம் எடுக்க வந்தவர், வந்த இடத்தில் அடக்கி வாசித்திருக்க வேண்டும். அது 2008ஆம் ஆண்டு, வடக்கில் போர் உச்சத்தில் இருந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்ததாக அடையாள அட்டை வைத்திருந்தவர்கள் பஸ்ஸில்கூட உரக்கப் பேசாத காலம். இவரோ ஆசிரியர் அறையில் தன் தொலைநோக்கியைப் பற்றி அளந்துகொண்டிருந்தார்.

கனடாவிலிருக்கும் தம்பி மதுரன் பகுதி பகுதியாக அனுப்பிய சாமான் அது. பூமி சுழல்வதால் நட்சத்திரம் நகரும். கூடவே நகர்வதற்குக் குழாயின் கீழே இரண்டு மோட்டார்கள். மோட்டாரும் அவ்வளவு ஒழுங்காக ஓடாது. அதனால் ஒரு சின்னக் கமரா ஒரே நட்சத்திரத்தை முறைத்துப் பார்த்துக்கொண்டேயிருக்கும். அது மயிரிழை விலகினாலும் மடிக்கணினி இரண்டு செக்கனுக்கு ஒருமுறை மோட்டாரைத் திருத்தும். பத்து நிமிடம் படம் பிடித்தாலும் நட்சத்திரம் புள்ளியாகவே விழும்.

“ஒருக்கா ஓட விட்டாக் காணும், பக்கத்தில ஆளே தேவையில்லை” என்று டீச்சர் சொல்லாத ஆளில்லை.

மாசி மாதத்தில் ஒரு வியாழக்கிழமை, இருட்டி ஒரு மணி நேரத்துக்குள், டெலிபோன் டவர் நிற்கும் மலை முகட்டில் யாரோ டோர்ச் லைட்டை அணைத்து அணைத்து யாருக்கோ சைகை காட்டினார்களாம். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீட்டு வாசலில் பொலிஸ் ஜீப் நின்றது. அந்த ஜீப்பில் ஏற்றினால் எப்போது இறக்கி விடுவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. யாழ்ப்பாணத்து டீச்சரிடம் தானாகத் திரும்பும் குழாய் இருக்கிறது என்று யாரோ பெயர் போடாமல் பொலிசுக்குப் பெட்டிசம் எழுதிப் போட்டிருந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் ஜுனைதீன் மரியாதையாகத்தான் பேசினார். அந்த மரியாதைதான் இன்னும் பயமாக இருந்தது.

“நேத்து ஏழரையிலருந்து எட்டு மணி வரைக்கும் எங்க இருந்தீங்க டீச்சர்?”

“இஞ்ச பின் வளவிலதான் சேர். படம் எடுத்துக்கொண்டிருந்தனான்.”

“பார்த்தவங்க யாராவது?”

டீச்சர் தனக்கு வீட்டை வாடகைக்கு விட்டிருந்த மரியகொரட்டியைப் பார்த்தார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் பெண். நேற்று இருட்டில் பிளேன்டீ கொண்டுவந்து தொலைநோக்கியின் காலை இடறியவரே அவர்தான். இப்போது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார்.

“நான் வெளியவே வரலீங்க ஐயா. அடுப்படியில இருந்தேன்.”

டீச்சர் கோபப்படக்கூட நிற்கவில்லை. மடிக்கணினியைத் திறந்து, நேற்று ஒவ்வொரு இரண்டு செக்கனுக்கும் அது எழுதி வைத்திருந்த வரிகளைக் காட்டினார். ஜுனைதீன் கணினியின் நேரத்தைத் தன் கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தார்.

“மெசின் ஓடிச்சி, சரி. ஆனா பக்கத்துல ஆளே தேவையில்லன்னு நீங்களே ஊரெல்லாம் சொல்லியிருக்கீங்களே?”

என்ன வாய் இது என்று டீச்சர் தன்னையே நொந்துகொண்டார். கொன்ஸ்டபிள் ஒருவர் ஜீப்பின் பின்கதவைத் திறக்கிற சத்தம் கேட்டது.

திரையில் வரிகள் ஓடிக்கொண்டே போயின. ஏழு நாற்பத்தொன்றில் நின்றன. நட்சத்திரம் தவறிவிட்டது என்று எழுதியிருந்தது. ஏழு நாற்பத்துநான்கில் மறுபடி தொடங்கின.

“சேர், இதைப் பாருங்கோ! கால் தட்டுப்பட்டு நட்சத்திரம் தப்பிப் போட்டுது. தப்பினால் இது தானாத் தேடாது. ஆள் வந்து திரும்பக் காட்டிக் குடுக்கவேணும். நான்தான் குடுத்தனான்.”

ஜுனைதீன் மலை முகட்டைப் பார்த்தார். இங்கிருந்து ஏறிப்போகவே முக்கால் மணி நேரமாகும். மரியகொரட்டியையும் ஒருமுறை பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நேரங்களையும் கொப்பியில் எழுதி டீச்சரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

“வெளியூர் போனா சொல்லிட்டுப் போங்க” என்றார். ஜீப் போய்விட்டது.

அன்று பொழுதுபட மரியகொரட்டி வந்து அழுதார். “பயந்துட்டேன் டீச்சர். மன்னிச்சிருங்க.”

“நானெண்டாலும் அப்பிடித்தான் சொல்லியிருப்பன்” என்றார் டீச்சர். மனதாரத்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு அவர் தொலைநோக்கியைத் தனியே ஓட விட்டதேயில்லை. பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, படம் பாதியில் இருந்தாலும், மடிக்கணினியின் திருத்தலைத் தானே நிறுத்தி, தானே தொடங்கினார். தான் அங்கே இருந்ததற்கு மடிக்கணினியில் ஒரு வரி விழ வேண்டும். எடுத்த படங்களிலெல்லாம் நட்சத்திரங்கள் வால் முளைத்துக் கிடந்தன.

போர் முடிந்தது. ஜுனைதீனும் மாற்றலாகிப் போனார். 2010இல் படங்களைப் பார்த்துவிட்டு மதுரன் தொலைபேசியில் கேட்டான்: “அக்கா, மெசின் பழுதாப் போச்சுதோ? வேற ஒண்டு அனுப்பட்டோ?”

“வேண்டாம். அது நல்லாத்தான் ஓடுது” என்றார் டீச்சர். மணியைப் பார்த்துவிட்டு, பேச்சைப் பாதியில் விட்டு, தொலைநோக்கியை நிறுத்தித் தொடங்குவதற்காகப் பின் வளவுக்கு ஓடினார்.