பின் சீட்டில் பிள்ளைத்தாய்ச்சி

வாடகைக் கார் ஓட்டுகிறவனுக்குக் கண் ரோட்டில் இருந்தாலும் காது பின் சீட்டில்தான் இருக்கும். ஸ்டியரிங் பிடித்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. அறுபதுகளின் கடைசியில் காரைக்குடியில் ஒரு பழைய அம்பாசிடர் ஓட்டினேன். சுற்றுவட்டாரத்தில் பிரசவ சவாரி என்றால் பெரும்பாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

டாக்டர் சொன்ன மருந்து

நேமத்தான்பட்டிக்காரர் ஒருவர் ஏழு மாதக் கர்ப்பிணியான மனைவியைப் பரிசோதனைக்குக் கூட்டி வந்தார். திரும்பும்போது அவர் என் பக்கத்தில். அந்தப் பெண் பின்னால் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டே வந்தது. "டாக்டரம்மா என்ன சொன்னாக?" என்று கேட்டு வைத்தேன். மனுஷர் சிரித்தார்.

"மனசுல கவலை இல்லாம இருக்கணுமாம். இவளுக்குக் கவலைப்பட ஏதுண்ணே நேரம், பதினாறு பேருக்குல்ல பொங்கிப் போடுறா!"

என் வாய்

அடுத்தவர்களை மட்டும் சொன்னால் எப்படி? புதுவயலிலிருந்து ஒரு முஸ்லிம் பெண்ணை வலியோடு ஏற்றினேன். புருஷன் பினாங்கில், துணைக்குத் தாயார். கதவைப் பிடித்த பிடியை அவள் விடவே இல்லை. தைரியம் சொல்கிறேன் பேர்வழி என்று, "பயப்படாதம்மா, நம்ம வண்டியில ஏறின யாருக்கும் ஒரு குறையும் வந்ததில்ல" என்றேன். "போன வருஷமும் இதே வண்டிதாண்ணே. வெறுங்கையோடதான் திரும்பினேன்" என்றாள். முகமே எனக்கு ஞாபகம் இல்லை.

ரயில்வே கேட் போட்டிருந்தது. எஞ்சினை அணைத்தேன். அவள் அந்தப் பிள்ளையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்: அதற்கு வைத்திருந்த பேர், தைத்து வைத்த சட்டை. "இப்ப எதுக்கும்மா அது?" என்று தாயார் தடுத்தார். "பேசட்டும்மா" என்றேன். கேட் திறக்கும்போது கதவிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்திருந்தாள். அன்று சாயங்காலமே சுகப்பிரசவம். மகளோடு வீடு திரும்பும்போது அதே கேட் அருகே சொன்னாள்:

"பிள்ளைத்தாய்ச்சி அழக்கூடாதுன்னு ஒம்போது மாசமா எல்லாரும் என் வாயை அடைச்சாகண்ணே. அன்னைக்கு இந்த கேட்டுதான் என்னையப் பேச விட்டுச்சு."

காளையார்கோவில் வேண்டுதல்

கண்டனூர் ஆச்சி ஒருவர் தலைப்பிரசவத்துக்கு மருமகள் மீனாளை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தார். வழி நெடுக ஆறுதல்! நாத்தனாருக்கு மூன்று நாள் வலியாம், பக்கத்து வீட்டுப் பெண் பிழைக்கவே இல்லையாம். "உனக்கு அப்படியெல்லாம் ஆகாது" என்று ஒவ்வொரு கதைக்கும் முடிவுரை வேறு. கண்ணாடியில் பார்த்தேன், மீனாள் முகத்தில் ரத்தமே இல்லை.

மத்தியானம் நர்ஸம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். "நல்லா வலி எடுக்குது, இந்த மாமியா கட்டில்கிட்ட வந்து நின்னதும் அந்தப் பிள்ளை வெறைச்சுப் போகுது, வலியும் நின்னு போகுது. இவகளை எங்குட்டாச்சும் கூட்டிட்டுப் போங்கண்ணே."

"ஆச்சி, காளையார்கோவில்ல ஒரு வேண்டுதல் வச்சிட்டு வந்துருவோமா?" என்றேன். உடனே ஏறிவிட்டார். போகும்போது ஒரு பஞ்சரை இருபது நிமிஷத்தில் ஒட்ட வேண்டியவன் ஒரு மணி நேரம் ஒட்டினேன். நாங்கள் திரும்பியபோது பேரன் வீறிட்டுக்கொண்டிருந்தான். மீனாள் அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். ஆச்சி விபூதியை நீட்டி, "பாத்தீகளா, நான் போனதுனாலதான் பிள்ளை பொறந்துச்சு!" என்றார். நர்ஸம்மா பயபக்தியோடு பூசிக்கொண்டு சொன்னார்:

"சத்தியமா ஆச்சி, நீங்க போனதுனாலதான்."

பள்ளம் மேடு பார்த்து மெதுவாகப் போகச் சொல்லி என்னை அதட்டியவர்களில் முக்கால்வாசிப் பேர், பின் சீட்டில் இருந்தவளிடம் மெதுவாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.