அண்ணியின் பதின்மூன்று நாள்

எங்கள் அண்ணி அர்கிரோவைப் பற்றி யாராவது நல்லதாக நாலு வார்த்தை சொன்னால், நான் முந்திக்கொண்டு கெட்டதாக ஒன்று சொல்லிவிடுவேன். பிடிவாதக்காரி. அழுத்தக்காரி. அடுப்பில் பால் பொங்கினால் "பொங்குது" என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள், எழுந்து போய் இறக்கி வைப்பாள். எனக்கோ வாய் ஓயாது. இப்படி இரண்டு பேரை ஒரே வீட்டில் அடைத்து வைத்தால் என்ன ஆகும்? இருபத்தைந்து வருஷம் சண்டை போட்டோம். அவள் போய்ச் சேர்ந்து இப்போது சண்டைக்கு ஆளில்லாமல் தவிக்கிறேன்.

அவள் எங்கள் வீட்டுக்கு வந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில். பிறந்தது எங்கள் ஊருக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கிற கிராமம். அரசாங்கம் காலண்டரைப் பதின்மூன்று நாள் முன்னால் தள்ளி, கோயிலும் அதற்குத் தலையாட்டியபோது, அந்த ஊர்க்காரர்கள் மட்டும் முடியாது என்று விட்டார்கள். எங்கள் கிறிஸ்துமஸ் முடிந்து எலும்பையெல்லாம் நாய்க்குப் போட்ட பிறகுதான் அவர்கள் பன்றியை வெட்டுவார்கள்.

அண்ணன் பெயர் மினாஸ். புனித மினாஸின் நாள் நவம்பர் பதினொன்று. எங்கள் பக்கம் பிறந்த நாளை யாரும் கண்டுகொள்வதில்லை, பெயர் நாள்தான் பெரிது. அன்றைக்கு யாரையும் அழைக்க வேண்டாம், வாசல் திறந்திருக்கும், வருகிறவர்கள் வரலாம். பாகில் காய்ச்சிய திராட்சை ஒரு ஸ்பூன், ஒரு டம்ளர் தண்ணீர், கொஞ்சம் சாராயம். சாப்பிட்டவர் "பல்லாண்டு" என்று வாழ்த்திவிட்டு ஸ்பூனைத் தண்ணீர் டம்ளரில் போடுவார். ஆகாதவன் வந்தாலும் தட்டை நீட்டித்தான் ஆக வேண்டும்.

அண்ணி வந்த முதல் வருஷம் நவம்பர் பதினொன்றாம் தேதி காலையிலேயே ஊர் திரண்டு வந்துவிட்டது. இவள் அடுப்புகூட மூட்டவில்லை. "மினாஸுக்கு இன்னும் பதின்மூணு நாள் இருக்கே" என்று திருதிருவென்று விழித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அப்போது பதினொரு வயது, எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் நான்தான். அன்றே அவளுக்கு 'பிந்திவந்தாள்' என்று பட்டப்பெயர் வைத்தேன். இந்த வீட்டில் இனிமேல் புதுக் காலண்டர்தான் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அண்ணி தலையை ஆட்டினாள். அத்தோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தோம்.

பிறகு சண்டை வந்தது. ஜெர்மன்காரன் போன பிறகு எங்களுக்குள் நாங்களே போட்டுக்கொண்ட சண்டை. அரசாங்கமும் ராஜாவும் ஒரு பக்கம், மலையேறிய இடதுசாரிகள் இன்னொரு பக்கம். அதைப் பற்றிப் படித்தவர்கள் எத்தனையோ எழுதியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் வீட்டு நவம்பர் பதினொன்றுகள்தான்.

நாற்பத்தாறில் ராஜா திரும்பி வந்து ஒன்றரை மாதம். போலீஸ் சார்ஜென்ட் கலோமிரிஸ் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார். எதிர்ச் சுவரோரம், தம்பிகள் மலையேறிவிட்ட இரண்டு பேர். இரண்டு பக்கமும் ஒரே கிண்ணத்திலிருந்து திராட்சையை அள்ளித் தின்றுகொண்டிருந்தபோது பாலத்துக் காவல் சாவடிப் பக்கம் துப்பாக்கி வெடித்தது. அத்தனை பேரும் மேஜைக்கு அடியில் போனார்கள். சார்ஜென்ட் வாயில் ஸ்பூனோடு என் காலடியில் கிடந்தார். எங்கள் ஊரில் சண்டை அப்படித்தான் ஆரம்பித்தது.

அடுத்த வசந்தத்தில் மலைக்காரர்கள் இறங்கி வந்து ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அண்ணன் கோவேறு கழுதை ஓட்டுகிறவன். அவனுக்குக் கட்சியும் தெரியாது, கொடியும் தெரியாது. கழுதையோடு சேர்த்து அவனையும் இழுத்துக்கொண்டு போனார்கள். வாசலில் நின்று அண்ணியிடம், "என் பேர் நாளுக்கு எப்படியாவது வந்துடுவேன்" என்றான். பக்கத்து வீட்டு சிமோஸ் சுவருக்கு மேலே தலையை நீட்டி அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். பிற்பாடு அவன் ஊர்க்காவல் படையில் சேர்ந்தான், துப்பாக்கி கொடுத்தார்கள். துப்பாக்கி வந்ததும் நடையே மாறிவிட்டது.

நாற்பத்தேழு நவம்பரில் ஊரில் ராணுவம். அம்மா அப்போது உயிரோடு இல்லை. பூட்டிக்கொண்டு படுப்போம் என்றேன். அண்ணி வாசலைத் திறந்து வைத்தாள். நாற்பது சிப்பாய்கள் வந்து கிண்ணத்தை வழித்து நக்கிவிட்டுப் போனார்கள். அண்ணனைச் சுடப் போகிறவன்களுக்கா இனிப்பு என்று கத்தினேன். அவள் பாட்டுக்கு டம்ளர் கழுவினாள். நாற்பத்தெட்டில், மூன்று பேருக்கு மேல் ஒரு இடத்தில் கூடக் கூடாது என்று உத்தரவு. தலைக்கு மேலே விமானம் சுற்றுகிறது. அப்போதும் வாசல் திறந்தது. ஜனங்கள் மூன்று மூன்று பேராக உள்ளே வந்தார்கள், மற்றவர்கள் வெளியே வரிசையில் நின்றார்கள். அண்ணன் வரவில்லை. ஒன்றரை வருஷமாக ஒரு சேதியும் இல்லை.

நாற்பத்தொன்பது ஆகஸ்டில் மலைக்காரர்களின் கடைசிக் கோட்டையான கிராம்மோஸ் மலை விழுந்தது. தப்பியவர்கள் அல்பேனியாவுக்குள் ஓடினார்கள். அக்டோபரில் சண்டையை நிறுத்திவிட்டோம் என்று மலைக்காரர்களே ரேடியோவில் சொன்னார்கள். ஊரே பெருமூச்சு விட்டது, எங்கள் வீட்டைத் தவிர. எங்களுக்கு எல்லாமே போலீஸ் எழுதப்போகிற ஒரு வார்த்தையில் இருந்தது. 'பிடிபட்டான்' என்று எழுதினால் ராணுவக் கோர்ட்டு, சுவரோரம் நிறுத்திச் சுட்டுவிடுவார்கள். 'தானே வந்தான்' என்று எழுதினால், பலவந்தமாகக் கூட்டிப்போனார்கள் என்று ஊர் சாட்சி சொன்னால், கொஞ்ச காலம் முகாம், பிறகு வீடு. பக்கத்து ஊரில் ஒருவன் தானாகத்தான் வந்துகொண்டிருந்தான். வழியிலேயே சுட்டுவிட்டுப் பிடிபட்டான் என்று எழுதிக்கொண்டார்கள்.

அந்த நவம்பர் பதினொன்று, வெள்ளிக்கிழமை. விடிந்ததும் தெற்கேயிருந்து வந்த ஒரு லெப்டினன்ட் எங்கள் வீட்டுக்குள் வந்து அண்ணனின் நாற்காலியில் உட்கார்ந்தான். கழுதைக் கொட்டிலில் ஆறு சிப்பாய்கள். மாடி ஜன்னலில் சிமோஸ். அண்ணன் வாசலில் சொன்னதை அவன்தான் போட்டுக்கொடுத்திருக்கிறான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் நாட்டுக்காரன் எங்கே சுற்றினாலும் பெயர் நாளுக்கு வீட்டு வாசலை மிதிப்பான். லெப்டினன்டும் எங்கள் நாட்டுக்காரன்தானே, அவனுக்குத் தெரியாதா?

அன்று முழுக்க நான் செத்துச் செத்துப் பிழைத்தேன். நாய் குரைத்தால் ஜன்னலுக்கு ஓடினேன். அண்ணி என்ன செய்தாள் தெரியுமா? வெள்ளிக்கிழமைக்குக் கறி ஆகாது என்று பீன்ஸ் வேக வைத்தாள். லெப்டினன்டுக்கு இரண்டு தடவை பரிமாறினாள். கொட்டிலில் இருந்தவர்களுக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். திராட்சையை நீட்டினாள். அவன் பழக்க தோஷத்தில் "பல்லாண்டு" என்று சொல்லிவிட்டு, யாருக்குச் சொன்னோம் என்று உறைத்ததும் முகம் சிவந்தான்.

பொழுது சாய்ந்தது. அண்ணன் வரவில்லை. நான் அடுப்பங்கரையில் தரையிலேயே விழுந்து அழுதேன். லெப்டினன்ட் பக்கத்தில் வந்து நின்று என் முகத்தையே பார்த்தான்.

"ஏம்மா அழற? வரலைன்னா உங்களுக்கு நல்லதுதானே?"

"உசிரோட இருந்தா வந்திருப்பான்யா. சொன்ன சொல்லைத் தவற மாட்டான். எங்க அண்ணன் செத்துட்டான்."

தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அவன் தொப்பியை மாட்டிக்கொண்டு சிப்பாய்களைக் கூப்பிட்டான். மறுநாள் அந்தப் படை வேறு ஊருக்குக் கிளம்பிவிட்டது. அண்ணி ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. கல்நெஞ்சக்காரி என்று முகத்துக்கு நேரே சொன்னேன். பன்னிரண்டு நாள் அவளோடு பேசவில்லை. நான் பேசாமல் இருந்தது என் ஆயுளில் அந்த ஒரு தடவைதான்.

பதின்மூன்றாம் நாள் காலையில் கோழி வேகிற வாசனை என்னை எழுப்பியது. கிறிஸ்துமஸ் நோன்பு தொடங்கி ஒன்பது நாள் ஆகிறது, வீட்டில் கோழி! ஓடிப்போய்ப் பார்த்தேன். மேஜையில் பெரிய தட்டு, கிண்ணம் நிறைய திராட்சை, துடைத்து வைத்த டம்ளர்கள். சாமி படத்துக்கு முன்னால் விளக்கு எரிகிறது. இவளுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று நினைத்தேன்.

"நோன்புல கோழியடிச்சிருக்கியே அண்ணி, உனக்கு என்ன பைத்தியமா?"

"நோன்பு உனக்கு. எனக்கு இன்னும் தொடங்கலை. இன்னைக்குத்தான் மினாஸ்."

அப்போதும் மரமண்டைக்கு ஏறவில்லை. தேதி இருபத்துநாலு. அவள் கணக்கில் பதினொன்று. அம்மாவுக்குத் தலையாட்டிவிட்டு, வருஷா வருஷம் இந்த நாளில் அண்ணனை மட்டும் கொட்டிலுக்குக் கூப்பிட்டு ஒரு ஸ்பூன் கொடுத்து "பல்லாண்டு" சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள், திருட்டுத்தனமாக! ஊருக்கு ஒரு மினாஸ், அவர்கள் இரண்டு பேருக்கு ஒரு மினாஸ். வாசலில் நின்று அண்ணன் சொன்னது இவளுடைய நாளை.

எனக்கு இது உறைத்து வாயைத் திறப்பதற்குள் பின்பக்கக் கதவு திறந்தது. வெளியே பனிமூட்டம். தாடியும் கந்தலுமாக ஒருவன் உள்ளே வந்தான். எலும்புக்கூடுதான், ஆனால் எங்கள் எலும்புக்கூடு. மூன்று மாதமாக மலையில் யாருமில்லாத ஆட்டுப்பட்டிகளில் ஒளிந்திருந்து, பகல் வெளிச்சம் குறைந்தபோதெல்லாம் நடந்து வந்திருக்கிறான். நான் கத்தப் போனேன், அண்ணி என் வாயைப் பொத்தினாள். கோழியை முதலில் சாப்பிடச் சொன்னாள். அவன் மென்றுகொண்டிருக்கும்போதே முகத்தை மழித்துவிட்டு, கல்யாணச் சட்டையை மாட்டினாள். அது அவன் மேல் தொங்கியது.

வீட்டில் ஒளிய முடியாது, சிமோஸின் மோப்பம் அப்படி. போலீஸ் நிலையம் சதுக்கத்துக்கு அந்தப் பக்கம், இருநூறு அடி. நடுவில் காப்பிக்கடை. அங்கே சிமோஸ் துப்பாக்கியோடு உட்கார்ந்திருப்பான். கையைத் தூக்கிக்கொண்டு போனால் பிடிபட்டவன் ஆகிவிடுவான், தூக்காமல் போனால் சிமோஸ் சுட்டுவிடுவான். நான் கையைப் பிசைந்தேன். அண்ணி பெரிய தட்டை எடுத்து அண்ணன் கைகளில் வைத்தாள்.

"ரெண்டு கையாலயும் பிடி. கீழ போட்டுடாதே."

முன்னால் அவள், பின்னால் தட்டோடு அண்ணன், கடைசியில் நான். டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுவென்று சத்தம். பனிக்குள்ளிருந்து நாங்கள் வெளியே வந்ததும் காப்பிக்கடையில் எல்லோரும் திரும்பினார்கள். வாயே திறக்காத எங்கள் அண்ணி, ஊர் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரருக்குப் பேர் நாள். எல்லாரும் எடுத்துக்குங்க."

சிமோஸ் எழுந்து துப்பாக்கியை நீட்டினான். "டேய் மினாஸ், கையைத் தூக்குடா!"

"தூக்கினா தட்டு விழுந்துடுமே சிமோஸ்" என்றான் அண்ணன்.

கடைக்குள் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு இன்னொருவர். மூன்று வருஷமாகச் சிரிக்காத ஊர் அது. கடைக்காரர் வெளியே வந்தார், ஒரு ஸ்பூன் எடுத்தார், "பல்லாண்டு" என்றார். அவருக்குப் பின்னால் கொல்லர், பிறகு பாதிரியார், நோன்புக்கும் இனிப்பு ஆகுமே. அண்ணனைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. சுட வேண்டுமென்றால் பாதி ஊரையும் சேர்த்துச் சுட வேண்டும். சிமோஸின் துப்பாக்கி மெல்லத் தாழ்ந்தது.

சத்தம் கேட்டு சார்ஜென்ட் கலோமிரிஸ் நிலையத்து வாசலுக்கு வந்துவிட்டார். ஊரோடு சேர்ந்து அண்ணன் நடந்துபோய் அவர் முன்னால் தட்டை நீட்டினான். சார்ஜென்ட் தட்டைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார்.

"மினாஸ் நாள் போய்ப் பதின்மூணு நாள் ஆச்சேம்மா" என்றார் அண்ணியிடம்.

"எங்க ஊர்ல இன்னைக்குத்தான் சார்."

அவர் கை ஸ்பூனுக்குப் போனது. திராட்சையை வாயில் போட்டு நிதானமாக மென்றார், தண்ணீர் குடித்தார், ஸ்பூனை டம்ளரில் போட்டார். ஒருவன் கையால் தின்றபிறகு வேறு எதைச் சொல்ல முடியும்?

"பல்லாண்டு, மினாஸ்" என்றார். உள்ளே போனார். நான் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். பேனாவை மையில் தொட்டுத் தொட்டு எழுதினார்: தானே வந்தான். ஊரே சாட்சி.

நான் நிலையத்துப் படியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டேன். பதினான்கு மாதம் அண்ணனைத் தீவு முகாமில் வைத்திருந்தார்கள். பல்லில் பாதி இல்லாமல் வந்தான், ஆனால் வந்தான். அதற்குப் பிறகு இரண்டு பெண் பிள்ளைகள், ஒரு புதுக் கோவேறு கழுதை.

அன்றைக்குப் படியில் உட்கார்ந்திருந்த எனக்கு அழுகை நின்று ஆத்திரம் வந்துவிட்டது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று அண்ணியைப் பிடித்து உலுக்கினேன். பன்னிரண்டு நாள் அண்ணனுக்காகக் கறுப்பு உடுத்தியிருந்தேனே!

அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து என் கறுப்பு முக்காட்டை அவிழ்த்தாள். "உனக்கு நடிக்க வராது ஸ்மாரோ. அந்த லெப்டினன்ட் என் பேச்சை நம்பியிருக்க மாட்டான், நீ அழுததைத்தான் நம்பினான்" என்றாள். அப்போதுதான் அவள் கண்ணிலும் தண்ணீர் வந்தது. இரண்டு பேரும் அந்தப் படியிலேயே கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிறகு வீட்டுக்குப் போனோம். மீதிக் கோழி ஆறிப்போயிருந்தது. ஒரு தொடையை எடுத்து என் முன்னால் வைத்தாள். நோன்பு நாள், நான் புதுக் காலண்டர்காரி. ஆனாலும் எலும்பை மட்டும் விட்டு அத்தனையும் தின்றேன்.