ஜிப் போன கோட்டு

முதலில் பைகளைத்தான் பார்ப்பாள். வெளிநாட்டிலிருந்து திரும்பிய மாணவன் கோட்டை எடுத்து மேசைமேல் வைத்த கையோடு, படிப்பு எப்படி இருந்தது, சாப்பாடு ஒத்துக்கொண்டதா என்று ஒரு வார்த்தை கேட்பதற்கு முன்பே, அக்காவின் இரண்டு கைகளும் கோட்டின் இரண்டு பைகளுக்குள் போய்விடும். கசங்கிய பஸ் டிக்கெட், மிட்டாய்த் தாள், ஒற்றைக் கையுறை, எந்த மரத்துடையது என்று தெரியாத ஒரு காய்ந்த இலை. எல்லாவற்றையும் மேசையில் பரப்பிவிட்டு, உள்பையை வெளியே இழுத்து ஒரு தட்டுத் தட்டுவாள். "மிட்டாயைப் பையில வச்சே குடுத்தா அடுத்த வருஷம் கோட்டு இருக்காது. எறும்புதான் இருக்கும்," என்பாள். அதன் பிறகுதான் நிமிர்ந்து பையனின் முகத்தைப் பார்ப்பாள்.

பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டுப் பரிமாற்றப் பிரிவில் அவள் உதவியாளர். பிரிவின் பெயர்தான் பெரிது. இருப்பது கீழ்த்தளத்தின் கோடியில், கழிவறைக்கு அடுத்த அறை. சுவரில் ஓர் உலகப்படம், அதில் மாணவர்கள் போய் வந்த ஊர்களில் குண்டூசி. ஈரம் ஏறிய சுவர் என்பதால் ஒரு கண்டத்தின் ஓரம் உரிந்து தொங்கிக்கொண்டிருக்கிறது. அறையில் பாதியை ஓர் இரும்பு பீரோ அடைத்துக்கொண்டிருக்கிறது. அதற்குள்தான் கோட்டுகள்.

இங்கே ஆண்டு முழுவதும் வெயில். போகிற இடத்திலோ மூக்கு விறைக்கிற குளிர். ஒரு பருவம் படிக்கப் போகிறவன் கோட்டு வாங்கி, திரும்பி வந்தபின் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வான்? ஆகவே எந்தக் காலத்திலோ ஓர் இயக்குநர் ஆரம்பித்து வைத்த வழக்கம் இது. போகிறவர்கள் பீரோவிலிருந்து ஒரு கோட்டை எடுத்துப் போவார்கள். வந்ததும் வெளுத்துக் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள். நடுவில் பல இயக்குநர்கள் மாறிவிட்டார்கள், வழக்கம் மாறவில்லை. அந்துருண்டை போட்டு, மாதம் ஒருமுறை மாடியில் வெயில் காட்டி, அறுந்த பொத்தானைத் தைத்து, கோட்டுகளைக் காப்பாற்றி வருபவள் அக்காதான்.

அளவெடுக்க நாடா கிடையாது. வந்தவனின் தோளைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிவிடுவாள். எந்தக் கோட்டு அவனுக்கு என்பது அதற்குள் முடிவாகியிருக்கும். "குண்டாத் தெரியுதேன்னு கவலைப்படாதே. அங்க ஒல்லியா ஒருத்தரும் தெரியமாட்டாங்க" என்று ஆறுதலும் சொல்வாள். பீரோவின் உள்பக்கம், சுவரை ஒட்டி, கருநீலத்தில் ஒரு சின்னக் கோட்டு தொங்கும். மெலிந்த பெண்கள் பலபேர் அதைப் பார்த்துக் கை நீட்டியிருக்கிறார்கள். "அதுக்கு ஜிப் போயிடுச்சும்மா" என்று சொல்லி பீரோவின் கதவைச் சாத்திவிடுவாள். ஜிப்புக்கு ஒரு கேடும் இல்லை. எண்ணெய் போட்டதுபோல மேலே போகும், கீழே வரும்.

மாணவர்கள் நேரில் அவளை அக்கா என்பார்கள். முதுகுக்குப் பின்னால் அவளுக்கு 'விசா மாமியார்' என்று பெயர். தூதரகத்தில் விசா நேர்காணலுக்குப் போகுமுன் எல்லோரும் அக்காவிடம் ஒருமுறை ஒத்திகை பார்த்தாக வேண்டும். அந்த அறை முன்பு கட்டணம் கட்டும் இடமாக இருந்தது. பேசுவதற்கு வட்டமாக ஓட்டை போட்ட கண்ணாடி ஜன்னல் இன்னும் சுவரில் இருக்கிறது. அக்கா உள்ளே உட்கார்ந்துகொண்டு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொள்வாள். மாணவன் வெளியே நிற்க வேண்டும். மாட்டிய நிமிஷத்திலிருந்து அவள் அக்கா இல்லை.

"அங்க உனக்கு யாராவது இருக்காங்களா?"

"ஒன்னுவிட்ட சித்தப்பா இருக்காரு. ஆனா அவங்களுக்கும் எங்களுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு கல்யாணத்துல எங்கம்மாவை அவங்க..."

"உங்க வீட்டுச் சண்டையை நான் கேட்டனா? அடுத்த ஆள்!"

அந்தப் பையன் முகம் தொங்கிப்போய்த் திரும்ப வரிசையின் கடைசியில் போய் நிற்பான். அவள் சொல்லிக்கொடுப்பது ஒரே பாடம்தான். "பொய் சொல்லாதே. கேட்டதுக்குப் பதில் சொல்லு. கேக்காததைச் சொல்லாதே. சித்தப்பா இருக்காரான்னா இருக்காரு. அதோட வாயை மூடு. நீயா வாயைத் திறந்தா அவனுக்கு அடுத்த கேள்வியை நீயே எடுத்துக் குடுக்கறே." இந்தப் பாடத்தைக் காதில் வாங்கிய பிள்ளைகள் போய் வந்தார்கள். வாங்காத சிலர் போகாமலே வந்தார்கள்.

இந்தக் கண்டிப்பு சும்மா வரவில்லை. அக்காவுக்கு ஒரு மகள் உண்டு. தகப்பனில்லாமல் வளர்ந்த பெண், இதே பல்கலைக்கழகத்தில் படித்தவள். பரிமாற்றத்துக்குத் தேர்வாகி, இதே பீரோவின் கருநீலக் கோட்டை எடுத்துக்கொண்டுதான் போனாள். பெட்டியில் எடை ஏறக் கூடாது என்று விமான நிலையத்திலேயே, அந்தப் புழுக்கத்தில், அம்மா அவளுக்குக் கோட்டை மாட்டிவிட்டாள். ஜிப்பைக் கழுத்துவரை இழுத்த வேகத்தில் மோவாய்த் தோல் அதில் மாட்டிக்கொண்டது. "ஆ! மெதுவாம்மா!" என்று கத்தினாள் பெண். சின்னதாகச் சிவந்துவிட்டது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் போகும்போதும் மோவாயைத் தடவிக்கொண்டேதான் போனாள். அம்மா அவளை நேரில் பார்த்தது அதுதான் கடைசி.

பருவம் முடிந்து, கூடப்போன பிள்ளைகள் எல்லோரும் திரும்பி வந்தார்கள். ஒரு பையன் கையில் மட்டும் இரண்டு கோட்டுகள் இருந்தன. "அக்கா, இது... உங்க பொண்ணு குடுத்துவிட்டா" என்று அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். கோட்டு வெளுத்து, மடித்து, சுத்தமாக இருந்தது. அன்றைக்கும் அவள் பைகளைத்தான் முதலில் பார்த்தாள். ஒன்றும் இல்லை. பெண் திரும்பி வரப்போவதில்லை என்பதை அவள் தெரிந்துகொண்டது இப்படித்தான்.

அதன் பிறகு பட்டது கொஞ்சநஞ்சமல்ல. ஒருத்தி தங்கிவிட்டாள் என்று அந்த வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் இங்கிருந்து ஆள் எடுப்பதையே சில ஆண்டுகள் நிறுத்திவைத்தது. வாய்ப்புப் போன பிள்ளைகள் "தாயும் மகளும் சேர்ந்து போட்ட திட்டம்" என்று பேசிக்கொண்டார்கள். யாரும் அவளை வேலையை விட்டு நீக்கவில்லை, முகத்துக்கு நேரே ஒரு சொல் சொல்லவும் இல்லை. ஆனால் அன்று முதல் அந்த அலுவலகத்தில் ஒருவரும் அவளிடம் மகளைப் பற்றிப் பேசுவதில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். பெற்ற பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேச ஆளில்லாமல் போனதுதான் தாங்கவில்லை.

மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் வருவாள். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன். நீ?" என்று ஆரம்பித்து, அதே கேள்வியோடு முடியும். அங்கே தங்குவதற்கான காகிதம் எதுவும் அவளுக்கு இன்னும் சரியாகவில்லை. அந்த நாட்டைவிட்டு வெளியே கால் வைத்தால் திரும்பப் போக முடியாது. ஆகவே பார்ப்பதென்றால் அம்மாதான் போக வேண்டும். உதவியாளர் சம்பளத்தில் அது ஆகிற காரியமா?

இந்த ஆண்டு அதற்கும் ஒரு வழி திறந்தது. மாணவர்களுக்கு மட்டும் இருந்த பரிமாற்றம் அலுவலர்களுக்கும் உண்டு என்று அறிவிப்பு வந்தது. அங்குள்ள அலுவலகத்தில் சில வாரங்கள் கூட உட்கார்ந்து, அவர்கள் வேலை செய்யும் விதத்தைக் கற்றுக்கொண்டு வர வேண்டும். அதே நாடு, அதே பல்கலைக்கழகம். "உங்களை விட்டா யாரும்மா போறது?" என்றார் இயக்குநர். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். அவரும் மகளைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அக்கா பீரோவைத் திறந்து கருநீலக் கோட்டை எடுத்துத் தன் தோளில் வைத்துப் பார்த்தாள். சின்னதுதான். பொத்தான் போடாமல், ஜிப் இழுக்காமல், சும்மா மேலே போட்டுக்கொண்டு போனால் என்ன என்று நினைத்தாள்.

"அம்மா, உனக்குன்னு ஒரு கட்டில் வாங்கிட்டேன்," என்றாள் மகள் அந்த ஞாயிற்றுக்கிழமை. போனைத் திருப்பிக் காட்டினாள். ஜன்னலோரம், மெத்தையின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத கட்டில்.

தூதரகத்தில் அவள் முறை வந்தது. கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்த அதிகாரி சின்ன வயதுக்காரன். இவள் பேசும் மொழியையே தட்டுத் தடுமாறிப் பேசினான். அதுதான் வினை. மற்ற கேள்விகளையெல்லாம் அவள் நறுக்குத் தெறித்தாற்போல் தாண்டிவிட்டாள்.

"அங்க உங்களுக்கு யாராவது இருக்காங்களா?"

"மகள் இருக்கா."

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள் நிறுத்தியிருக்க வேண்டாமா? அவனும் அடுத்த கேள்விக்குப் போகத்தான் தாளைப் புரட்டினான். இவள் நிறுத்தவில்லை. எத்தனையோ ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு மனிதன் மகளைப் பற்றிக் கேட்டிருக்கிறான். "படிக்கத்தான் போனா சார். கெட்டிக்காரி. போகும்போது மோவாயில ஜிப் மாட்டிக்கிச்சு, அழக்கூட இல்ல. அவ வரல, கோட்டுதான் வந்துச்சு. கட்டில் வாங்கி வச்சிருக்கா சார்," என்று போய்க்கொண்டே இருந்தாள். அவன் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான். நல்ல பையன், நடுவில் மறிக்கவில்லை. எல்லாம் சொல்லி முடித்தபின் மெதுவாக ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"நீங்க திரும்பி வருவீங்களா?"

"வந்துதானே ஆகணும்," என்றாள்.

தன் ஜன்னலுக்கு முன்னால் ஒரு மாணவன் இப்படிப் பதில் சொல்லியிருந்தால் அவனை என்ன பாடு படுத்தியிருப்பாள் என்பது வெளியே தெருவுக்கு வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

கடவுச்சீட்டு முத்திரை இல்லாமல் திரும்பி வந்தது. "ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி," என்று அடுத்த அறையில் தட்டச்சுக்காரர் யாரிடமோ சொல்லிச் சிரித்தது சுவரைத் தாண்டி வந்து அவள் காதில் விழுந்தது. கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. விசா கிடைக்காததற்கு அல்ல. முன்பின் தெரியாத ஒருவனிடம் அத்தனையும் கொட்டிவிட்டு, கொட்டிய அந்தக் கொஞ்ச நேரம் தனக்குச் சுகமாக இருந்ததே, அதற்காக. ஞாயிற்றுக்கிழமை மகளிடம் சொன்னாள். மகள், "பரவாயில்லம்மா. கட்டில் கெட்டா போயிடும்? இருக்கட்டும்," என்றாள். "சாப்பிட்டியா?" என்று அம்மா கேட்டாள்.

அவளுக்குப் பதிலாகக் கணக்குப் பிரிவிலிருந்து ஓர் இளம்பெண்ணின் பெயர் போயிற்று. ஒல்லியான, கலகலப்பான பெண். ஒத்திகைக்கு வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றாள். அக்கா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்து, அந்தக் கேள்விக்கு வந்ததும் குரல் கொஞ்சம் இறங்கியது.

"அங்க உனக்கு யாராவது இருக்காங்களா?"

"இல்லை."

"நல்ல பதில்," என்றாள் அக்கா. அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து எந்த மாணவனும் கேட்டதில்லை.

விசா வந்துவிட்டது. இன்று காலை அந்தப் பெண் கோட்டுக்காக வந்தாள். அக்கா தோளைப் பிடித்துச் சுற்றிவிட்டாள். ஒன்று முழங்காலுக்குத் தொங்கியது, ஒன்றில் கைவிரல் வெளியே தெரியவில்லை, ஒன்றில் இரண்டு பேர் நுழையலாம். அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. அங்க உங்க பொண்ணைப் போய்ப் பாக்கட்டுமா? ஏதாவது குடுத்தா கொண்டுபோறேன்," என்றாள்.

அலுவலகத்தில் அந்தப் பேச்சை எடுத்த முதல் ஆள் அவள்தான். அக்காவின் கை ஒரு கோட்டின் காலரிலேயே நின்றுவிட்டது. எவ்வளவோ கொடுத்துவிடலாம். வாயிலும் வார்த்தைகள் வந்து முட்டின. பிறகு தலையை ஆட்டினாள்.

"அங்க யாரும் இல்லைன்னு சொல்லிட்டு வந்திருக்கே. இப்போ போய்ப் பாத்து, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா உனக்கும் கஷ்டம், உனக்குப் பின்னால போறவங்களுக்கும் கதவைச் சாத்திடுவாங்க. சொன்னது சொன்னபடியே இருக்கட்டும்மா."

பீரோவின் உள்பக்கம் குனிந்து சுவரோரத்துக் கோட்டை எடுத்தாள். அந்துருண்டை வாசம் அறையில் பரவியது. பழக்கதோஷம், பைகளுக்குள் கை விட்டுப் பார்த்தாள். பிறகு அந்தப் பெண்ணுக்கு மாட்டிவிட்டாள். அளவெடுத்துத் தைத்தது மாதிரி இருந்தது.

"இதுக்கு ஜிப் போயிடுச்சுன்னு எல்லாரும் சொல்வாங்களே அக்கா?"

"சரி பண்ணியாச்சு."

கீழ்முனையைக் கோத்து, மெதுவாக, மிக மெதுவாக மேலே இழுத்தாள். கழுத்துக்கு வந்ததும் நிறுத்தினாள். இடது கையின் ஒரு விரலால் அந்தப் பெண்ணின் மோவாயைச் சற்று மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, மிச்சத்தையும் இழுத்து மூடினாள்.