குண்டூசி குத்திய அத்தியாயம்

தாய்லாந்து போவதற்கு முன் என்ன படிக்கலாம் என்று கேட்டு மாதத்துக்கு இரண்டு பேராவது எழுதுகிறீர்கள். சொல்கிறேன். ஆனால் அதற்கு முன், 1994-இல் எங்கள் வீடு இருந்த ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் போய்வந்த ஒரு பயணத்தைச் சொல்லியாக வேண்டும். அதை விட்டுவிட்டுப் பட்டியல் மட்டும் கொடுத்தால் யோக்கியமாக இருக்காது.

என் அண்ணன் சேகர் குரோம்பேட்டையில் ஒரு பட்டறையில் இருந்தான். அங்கே காலில் இரும்பு விழுந்து எலும்பு முறிந்தது. உள்ளே ஸ்டீல் பிளேட் வைத்து ஆறு திருகாணி போட்டுத் தைத்தார்கள். ஆறு மாதம் படுக்கை. தேறி எழுந்தவன் பாங்காக்கில் வேலை கிடைத்துப் போய்விட்டான். இரண்டு வருடம் கழித்து, சோம்சி என்ற அந்த ஊர்ப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகக் கடிதம் வந்தது.

அம்மா ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டு, "வர்ற பொண்ணுகிட்ட நாம தப்பா எதுவும் நடந்துடக் கூடாதுடா. அவங்க பழக்கவழக்கம் என்னன்னு படிச்சுச் சொல்லு" என்றாள்.

தாம்பரத்துக்கு நாலரை கிலோமீட்டர், பஸ்ஸில் ஒன்றேகால் ரூபாய். ரயில் நிலையத்துக்கு எதிரே நடைபாதைக் கடையில், தாய்லாந்தில் பாடம் நடத்திய ஓர் ஆசிரியை அந்த ஊரைப் பற்றி எழுதிய ஆங்கிலப் புத்தகம் பதினெட்டு ரூபாய்க்குக் கிடைத்தது. அட்டையும் முதல் பக்கமும் கிழிந்துபோயிருந்தன. பெயர் இன்றுவரை எனக்கே தெரியாது, கேட்காதீர்கள்.

தினமும் சாயங்காலம் அம்மாவுக்குத் தமிழில் படித்துச் சொன்னேன். யார் தலையையும் தொடக்கூடாது. பாதம் எதிராளியைப் பார்க்க உட்காரக்கூடாது. அம்மா எல்லாவற்றையும் கவனமாகக் கேட்டுக்கொண்டாள். சாவுச் சடங்கு அத்தியாயம் வந்ததும் புத்தகத்தைப் பிடுங்கி, அந்தப் பக்கங்களைச் சேர்த்து நான்கு குண்டூசி குத்தினாள். "கல்யாணம் பேசுற வீட்ல இது எதுக்கு?" எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

கல்யாணம் பாங்காக்கிலேயே நடந்தது. மறு வருடம் அண்ணன் மட்டும் லீவில் வந்தான். வந்த ஐந்தாம் நாள் மாரடைப்பில் போய்விட்டான். சோம்சிக்குத் தந்தி கொடுத்தோம். விசா வாங்கி அவள் வந்துசேரப் பதினோரு நாள் ஆயிற்று. நாங்கள் காத்திருக்கவில்லை. எரித்த மறுநாளே சாம்பலையும் எலும்பையும் கோவளம் கடலில் கரைத்துவிட்டோம். சாம்பல் அள்ளும்போது சுடுகாட்டில் வேலை செய்யும் காசி, "இந்தக் கால் இரும்பு இன்னா பண்றது சார்?" என்று கேட்டார். "தூக்கிப் போட்டுடுங்க" என்றேன். வீட்டுக்குப் போய்த் தலை முழுகினால் போதும் என்றிருந்தது எனக்கு.

சோம்சி அண்ணி ஒரு சின்னப் பித்தளைச் செம்போடு வந்தாள். மூடி போட்ட செம்பு. அதை என் முன்னால் வைத்து, அவருடைய எலும்பு கொஞ்சம் வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கடலில் போட்டுவிட்டோம் என்றேன். "எல்லாமா?" என்றாள்.

அன்றைக்குத்தான் குண்டூசிகளை எடுத்தேன். எரித்த மறுநாள் எலும்பில் கொஞ்சம் எடுத்து வைப்பார்கள், வீட்டிலோ கோயில் சுவரிலோ பத்திரப்படுத்துவார்கள், புத்தாண்டுக்கு அதன்மேல் வாசனை நீர் ஊற்றுவார்கள். மொத்தம் ஒன்றரைப் பக்கம். பதினெட்டு ரூபாய் கொடுத்து வாங்கி வைத்துக்கொண்டு அந்த ஒன்றரைப் பக்கத்தைப் படிக்காத என்னை என்னவென்று சொல்வது?

மறுநாள் காலை ஒன்பது நாற்பதுக்கு அண்ணியோடு ஆட்டோ பிடித்தேன். பதினைந்து ரூபாய். ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். "லேடீஸ இட்டுகினு சுடுகாட்டுக்கா? வாணாம் சார்."

"இவங்க புருஷனைத்தாங்க அங்க எரிச்சோம்."

அவர் வண்டியை எடுத்தார். இறங்கும்போது, "நான் நிக்கிறேன் சார், மெதுவா வாங்க. வெயிட்டிங் சார்ஜ்லாம் வாணாம்" என்றார்.

காசியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அந்த இரும்பா? தூக்கிப் போட மன்சு வர்ல சார். கூரைல சொருவி வெச்சிகீறேன்" என்று செய்தித்தாளில் சுற்றியதை எடுத்துவந்தார். அண்ணி மண்ணில் மண்டியிட்டு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். "எய்ந்திரும்மா, எய்ந்திரு" என்று காசி பின்னால் நகர்ந்தார்.

பத்தே முக்காலுக்கு வீடு. சுடுகாட்டுப் பொருளை உள்ளே கொண்டுவரக் கூடாதே என்று கேட்டிலேயே நின்றோம். அம்மா வெளியே வந்தாள். அண்ணி தாளைப் பிரித்துக் காட்டினாள். அம்மா அதை ஒரு விரலால் தொட்டாள்.

"இவ்ளோதானா? இதுக்கா எம்புள்ள ஆறு மாசம் படுத்துக் கெடந்தான்?"

அண்ணியின் கையைப் பிடித்து, இரும்போடு சேர்த்து உள்ளே அழைத்துப்போனாள். அது இப்போது பாங்காக்கில் அந்தச் செம்பில் இருக்கிறது. நான் போயிருந்த வருடம் மல்லிகை போட்ட தண்ணீரை நானும் ஊற்றினேன்.

சரி, புத்தகத்துக்கு வருகிறேன். அந்த ஊர்க் குழந்தைகளின் கதைப் புத்தகம் ஒன்று, சமையல் புத்தகம் ஒன்று, அங்கே பல வருடம் குடியிருந்தவர் எழுதியது ஒன்று. இந்த மூன்று போதும். மூன்றாவதில் சாவு பற்றிய அத்தியாயத்தை முதலில் படியுங்கள். வீட்டில் திட்டினாலும் படியுங்கள்.

அண்ணி ஊருக்குப் போன அன்று அம்மா அந்தப் புத்தகத்தை எடுத்துவந்து என்னிடம் நீட்டினாள். குண்டூசி குத்திய துளைகள் அப்படியே இருந்தன. "அதைப் படி" என்றாள். படித்தேன். முடித்ததும் சொன்னாள்:

"அவளுக்காவது அந்த இரும்பு கெடைச்சுது. வெச்சுக்கலாம்னு தெரிஞ்சிருந்தா, நானும் ஒரு எலும்பு வெச்சிருப்பேனேடா."