நான் அழுத்திய முழங்கால்

உடும்பஞ்சோலை ஏலத்தோட்டத்து ஈரத்தில் என் மனைவி பேச்சிக்கு முழங்கால் வீங்கிவிட்டது. அவள் வேலைக்கு வராவிட்டால் எங்களை மலையிறக்கிவிடுவதாகக் கங்காணி மிரட்டினார். கம்பம்மெட்டில் தங்கியிருந்த சாமியார் ஒருவரிடம் யோகாசனம் கற்றுவந்து அவளைச் செய்யவைத்தேன். கால் மெல்ல மடங்கத் தொடங்கியது. எனக்கோ அவசரம். ஒருநாள் அவள் முழங்காலைப் பிடித்துத் தரையோடு அழுத்தினேன். அலறினாள். பிறகு அவளால் எழுந்திருக்கவே முடியவில்லை.

மூன்றாம் நாள் சுவரில் சாய்ந்து, அவளாகவே காலை நீட்டினாள். பதறிப்போய்த் தாங்கப் போனேன்.

"கைய எடுங்க. எம்புட்டு மடங்கும்னு எனக்குத்தான தெரியும்?"

எடுத்துவிட்டேன். மூச்சை மெதுவாக விட்டபடி, வலிக்கும் இடத்தில் நிறுத்தி நிறுத்தி மடக்கினாள். ஒரு மாதத்தில் ஏலக்காய் பறிக்கப் போனாள். அதுவரை கங்காணிகூடப் பொறுத்திருந்தார். எனக்குத்தான் பொறுமை இல்லாமல் போனது. இப்போதும் அவள் ஆசனம் செய்யும்போது பக்கத்தில் இருப்பேன். அவள் கூப்பிடாமல் தொடமாட்டேன்.